பாட்டுக்கு நடுவே ஒரு கடிதம்

அண்ணியின் நகப்பூச்சு என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது. சிவப்பு என்று சொல்வார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் நெடியும், காய்ந்த பிறகு விரல்நுனியில் தட்டுப்படும் கடுகளவு மேடும்தான். ஒரு நாள் இரண்டு சிடி டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு எது அசல், எது வெற்று என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து வந்தவர், "இதுக்கா இந்தப் பாடு படுறே?" என்று சொல்லி, நகப்பூச்சுப் புட்டியைத் திறந்து, அசல் டிஸ்க்கின் நடுத்துளையை ஒட்டி, பாட்டு பதியாத அந்த வளையத்தில் ஒரு சொட்டு வைத்தார். "பொட்டு வெச்சது மூத்தது, வெக்காதது இளையது. டீக், சரியா?" என்றார். அதற்கு முன் நான் காகிதத் துண்டை ஒட்டி அடையாளம் வைத்துப் பார்த்தவன். அது உள்ளே சுற்றும்போது பிய்ந்து, பெட்டி கடகடவென்று அலறி, ஒரு டிரைவே பாழாகிப் போயிருந்தது. படித்தவன் நான். ஒரு சொட்டுப் பூச்சில் முடிகிற வேலை என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் வீடு ஃபிஜியில், லோவு கிராமத்தில், லௌட்டோக்காவுக்குப் போகும் பெரிய சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, மூன்று பக்கமும் கரும்பு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு நான் அண்ணன் வீட்டில்தான். பிறவியிலேயே எனக்குப் பார்வை கிடையாது. அண்ணி வடக்குத் தீவில் புலிலேகாவிலிருந்து வாக்கப்பட்டு வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. கல்யாணத்துக்கு முன் லம்பாசாவில் ஒரு ஆபீசில் டைப் அடித்தவர் அவர். எங்களுக்குள் பேச்சு பாதி ஃபிஜி ஹிந்தி, பாதி தமிழ். முழுத் தமிழ் என்பது கோயிலில்தான் இருந்தது, அதுவும் பாட்டாக.

தலைநகர் சுவாவில் பார்வையற்றோர் பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்கார டீச்சர், ஊருக்குத் திரும்பும்போது தன் கம்ப்யூட்டரை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் பேசுகிற புரோகிராம் ஒன்று இருந்தது. திரையில் எது வந்தாலும் ஒரு ஆண்குரல் இங்கிலீஷில் வாசித்துச் சொல்லும். ஜலதோஷம் பிடித்த போலீஸ்காரன் மாதிரிக் குரல். எழுத்தைத் தட்டினால் அந்த எழுத்தைச் சொல்லும். அழித்தால், அழித்த எழுத்தையும் சொல்லும். கண் உள்ளவர்கள் ஒரு கடிதத்தைச் சத்தமில்லாமல் படித்து மடித்து வைத்துவிடலாம். எனக்கு வருகிற கடிதம் ஊருக்கே கேட்கும். வெட்கப்பட்டுப் பிரயோஜனமில்லை என்று பழகிக்கொண்டேன்.

டிஸ்க் போடுவது எனக்குப் பெரிய வித்தையாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. மவுசைத் தொடமாட்டேன், எல்லாம் விசைதான். டிரைவ் சுற்றத் தொடங்கும் சீற்றத்தை வைத்தே அது வெற்று டிஸ்க்கா, பாட்டு டிஸ்க்கா என்று சொல்லிவிடுவேன். பதியும்போது அந்தக் குரல் "பத்து பர்சன்ட், இருபது பர்சன்ட்" என்று வாயாடினால் பழைய கம்ப்யூட்டர் திணறும், டிஸ்க் கெட்டுப்போகும். அதனால் முதலில் குரலின் வாயை அடைத்துவிட வேண்டும், அதற்கு ஒரு விசை. கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் பாட்டை ஏற்றும்போது இன்னும் கவனம் வேண்டும். டேப்பிலிருந்து வரும் பாட்டோடு கம்ப்யூட்டர் தானே பேசுவதும் சேர்ந்து பதிந்துவிடும். ஸ்பீக்கர் குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைத்தாலும் உள்ளே பதிவது பதியும். இது எனக்குத் தெரியும். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

இரண்டாயிரமாவது வருஷம் மே மாதம் சுவாவில் சிலர் துப்பாக்கியோடு பாராளுமன்றத்துக்குள் புகுந்து, எங்கள் இந்தியர்களில் ஒருவரான பிரதமரையும் மற்றவர்களையும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். இதற்கு முந்தின ஆட்சிக் கவிழ்ப்பும் எனக்கு நினைவிருக்கிறது, அப்போது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். ஆனால் இந்தத் தடவை ஜனங்களின் குரல் வேறு மாதிரி இருந்தது. யாரும் உரக்கப் பேசவில்லை. கடையில் மாவு வாங்க வந்தவர்கள் வாங்கிக்கொண்டு உடனே போனார்கள். யங்கோனா வேர்ச்சாறு குடிக்க உட்கார்ந்தால் விடிய விடியப் பேசுகிற ஆட்கள், இரண்டு கிண்ணத்தோடு எழுந்து போனார்கள். சாலையில் ஆர்மிக்காரர்கள் மரக்கட்டை போட்டு பஸ்ஸை நிறுத்தினார்கள். யார் வீட்டு மாடு காணாமல் போனது, எந்த ஊரில் வீட்டைக் காலி செய்து பள்ளிக்கூடத்தில் படுத்திருக்கிறார்கள் என்று தினமும் ஒரு சேதி வந்தது. எங்கள் நிலத்தின் லீஸும் முடியப்போகிறது. புதுப்பிப்பார்களா என்று கேட்டால், நிலத்துக்காரர் வேறு எதையோ சிரித்துப் பேசிவிட்டுப் போனார்.

அப்போதுதான் டிஸ்க் கேட்டு வர ஆரம்பித்தார்கள். எங்கள் கோயிலில் முப்பது வருஷம் பாடிய பாட்டுக்காரர் ஒருவர் இருந்தார். அவர் செத்துப் பத்து வருஷமாகிவிட்டது, அவர் பாடிய ஆத்தா பாட்டு இரண்டு கேசட்டில் பூசாரியிடம் இருந்தது. முதல் கேசட்டை நான் டிஸ்க்காக்கி வைத்திருந்தேன். ஜனங்கள் வந்து உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசுவார்கள், மில் எப்போது திறக்கும் என்பார்கள், எழுந்து போகும்போது, "அந்த ஆத்தா பாட்டு டிஸ்க் ஒண்ணு போட்டுக் குடேன்" என்பார்கள். இரண்டு வாரத்தில் அந்த வீட்டு நாய் கவனிப்பாரில்லாமல் தெருவில் குரைத்துக்கொண்டிருக்கும். ஆக்லாந்து, சிட்னி, வான்கூவர். போகிறேன் என்று ஒருத்தரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொன்னால் வீடு காலி என்று தெரிந்து கதவை உடைப்பார்களோ என்ற பயம். ஆனால் எனக்குத் தெரிந்துவிடும். டிஸ்க் கேட்டால் வீடு காலி. நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. ராத்திரி சாப்பிடும்போது மனசுக்குள் வீடுகளை எண்ணிக்கொள்வேன், அவ்வளவுதான்.

ஜூலை மாதத்தில் ஒரு நாள் அண்ணி துணி மடித்துக்கொண்டே, "தம்பி, எனக்கும் ஒண்ணு போட்டு வையேன்" என்றார்.

கம்ப்யூட்டர் வீட்டிலேயே இருக்கிறது, பாட்டு அதிலேயே இருக்கிறது, இவருக்கு எதற்குத் தனி டிஸ்க்? கேட்டிருக்கலாம். "சரி அண்ணி" என்றேன். அன்றைக்கே போட்டுக் கொடுத்தேன். அவர் அதை எங்கே வைத்தார் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பெட்டியின் பூட்டு கிளிக்கென்று திறந்து மூடியது.

பிறகு எல்லாமே அதற்குப் பொருந்தி வந்தன. முன்பெல்லாம் எனக்குத் தட்டில் போட்டுக் கையில் கொடுப்பவர், இப்போது பருப்பு எப்படி வேக வைப்பது, மண்ணெண்ணெய் அடுப்பை எப்படிக் கை சுடாமல் பற்ற வைப்பது என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். "எத்தன நாளைக்கு என் கையையே பாத்துக்கிட்டு இருப்பே?" என்று கேலி பேசினார். கடைவரைக்கும் என்னைத் தனியாக அனுப்பி, பின்னாலேயே செருப்பில்லாமல் நடந்து வந்தார். அவர் வருவது எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். நான் வெளியே போய்த் திரும்பினால் ஸ்பீக்கர் குமிழ் அடியோடு திருகிக் கிடக்கும். ஆக்லாந்தில் இருக்கும் தன் அண்ணனுக்கு எழுத அவர் ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் குரலை நிறுத்த எந்த விசை என்று அவருக்குத் தெரியாது. அதனால் குமிழைத் திருகி ஊமையாக்கிவிட்டுத்தான் கடிதம் படிப்பார். என்னைத் தொந்தரவு செய்யாமல் இருக்க அப்படிச் செய்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்தவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் பொய்க்குக் கணக்கே இல்லை.

அந்த வருஷம் திருவிழா நடக்குமா என்றே சந்தேகம். ஆனால் பூசாரி பிடிவாதக்காரர். "ஆத்தாளுக்கு கர்ஃப்யூ கெடையாது" என்று சொல்லிக் கொடியேற்றிவிட்டார். நெருப்பு மிதிப்பதற்காக அண்ணன் காப்புக் கட்டிக்கொண்டு கோயிலிலேயே தங்கினார். காப்புக் கட்டினவர்கள் பத்து நாள் வீட்டுப் பக்கம் போகக்கூடாது, கோபம் கூடாது, யாரோடும் சண்டை கூடாது. மனசில் கசடு இருந்தால் நெருப்பு சுடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. கால் வெந்து போனவர்களைப் பற்றிப் பிற்பாடு ஊர் என்ன பேசும் என்பதை அண்ணன் சின்ன வயசிலிருந்தே கேட்டவர்.

ஆறாம் நாள் பூசாரி இரண்டாவது கேசட்டைக் கொடுத்தனுப்பினார். கோயில் ரெக்கார்டர் டேப்பைத் தின்கிறது, டிஸ்க்காகப் போட்டுக் கொடு, ஒலிபெருக்கியில் போடவேண்டும், ஜனங்களுக்கும் சேர்த்து ஒரு டஜன் காப்பி. நான் கேசட்டைப் போட்டுப் பதிவைத் தொடங்கினேன். அதே நேரம் வெளியே கோயில் லாரி வந்து ஹாரன் அடித்தது, பந்தலுக்கு ஒயர் கொண்டுபோக என்னையும் கூப்பிட்டார்கள். "வா, வா, டிரைவர் திட்றான்" என்று யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். போய்விட்டேன். குரலின் வாயை அடைக்கும் விசையை நான் அழுத்தவில்லை. இத்தனை டிஸ்க் போட்டவன் செய்கிற பிழையா அது? செய்தேன்.

திரும்பி வந்தபோது டேப் ஓடி முடிந்திருந்தது, குமிழ் திருகிக் கிடந்தது. முதல் இரண்டு நிமிஷம் கேட்டேன், சுத்தமாக இருந்தது. கடைசி இரண்டு நிமிஷம் கேட்டேன், அதுவும் சுத்தம். முழுசாகக் கேட்க நேரமில்லை. பன்னிரண்டு டிஸ்க் போட்டுப் பையில் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். கோயிலில் நல்ல கூட்டம். ஒலிபெருக்கியில் பாட்டுக்காரரின் குரல் கரும்புக் காட்டுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. கிழவிகள் கூடவே பாடினார்கள். எனக்கு முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற பெருமை, நம்ம வேலை அல்லவா! அண்ணி சமையல் கொட்டகையில் மற்றப் பெண்களோடு பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார், அவர் வளையல் சத்தம் எனக்குத் தெரியும். அப்போது பாட்டுக்கு நடுவில், உடுக்கைக்கு மேலே, அந்த ஜலதோஷ போலீஸ்காரன் பேச ஆரம்பித்தான்.

முதலில் எனக்கே புரியவில்லை. என் தலைக்குள்ளே கேட்கிறது என்று நினைத்தேன். பிறகு கொட்டகையில் வளையல் சத்தம் நின்றது.

இங்கிலீஷில், நிறுத்தி நிறுத்தி, அண்ணியின் அண்ணன் எழுதிய கடிதத்தை அது வாசித்தது. குடியேற்றப் படிவத்தில் கண் தெரியாத கொழுந்தனின் பெயர் இருக்கும்வரை டாக்டர் சோதனையிலேயே எல்லாருக்கும் நின்றுவிடும். அவன் பெயரை எடுத்துவிட்டு, தனியாக வாழ்கிறான் என்று எழுது. சுவாவில் அவனைப் போன்றவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ள இடம் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு இப்போது சொல்லாதே. பெயர் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கட்டும், ப்ளேன் ஏறும் வாரத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாட்டில் ஒரு வரி புரியாது. ஆனால் இது சுத்தமாகப் புரிந்தது. கிழவர்கள்தான், "என்ன சொல்லுது? யாரு பேசுறது, மிலிட்டரியா?" என்று அலறினார்கள். பேரப்பிள்ளைகள் அவர்களுக்கு ஹிந்தியில் சொல்லச் சொல்ல, கூட்டத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு முனகல் போயிற்று. யாரோ ஓடிப்போய் மெஷினை அணைத்தார்கள். நான் அந்த நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். அத்தனை பேரும் என்னைப் பார்க்கிறார்கள் என்று பார்வையில்லாத எனக்கே தெரிந்தது.

அண்ணனுக்கு விண்ணப்பம் போட்டது தெரியும். என்னிடமும் ஊரிடமும் மறைத்து வைத்திருந்தார். தம்பியும் வருவதாக இருந்தால்தான் நான் வருவேன் என்று சொல்லித்தான் கையெழுத்தே போட்டிருந்தார். அவர் கொட்டகைப் பக்கம் போகவில்லை. போனால் என்ன செய்வார் என்று அவருக்கே பயம். "காப்ப அவுத்துடுங்க பூசாரி, நான் மிதிக்க மாட்டேன்" என்றார். அந்தக் குரலை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. பெண்கள் அண்ணியை விட்டு விலகி நின்றார்கள். "நாயைக்கூட யாராச்சும் கையில ஒப்படைச்சிட்டுப் போவாங்க" என்று ஒருத்தி சொன்னாள். அண்ணியின் ஒன்பது வயசு மகள் மட்டும் அம்மா அம்மா என்று அழுதாள்.

நான் என்னை வீட்டுக்குக் கொண்டுபோய் விடச் சொன்னேன். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, காதில் ஹெட்போன் மாட்டி, கடிதம் முடிகிற இடத்திலிருந்து கேட்டேன். எனக்குத் தெரியும், அவர் பதில் எழுதியிருந்தால் அதுவும் அங்கே இருக்கும்.

இருந்தது. முதலில் வெகுநேரம் பாட்டு மட்டும். பிறகு எழுத்தெழுத்தாக வந்தது. டைப் அடித்துப் பழகின கை, தடுமாறாமல் போயிற்று. அவன் எனக்கு மூத்த பிள்ளை மாதிரி. அவன் வந்தால் நாங்கள் வருகிறோம். இல்லையென்றால் யாரும் வரவில்லை. முற்றுப்புள்ளி.

ஐயோ அண்ணி என்று வாய்விட்டு அழுதேன். எழுந்து கோயிலுக்கு ஓட வேண்டும் போல இருந்தது. நல்ல வேளையோ கெட்ட வேளையோ, ஹெட்போனைக் கழற்றவில்லை. பாட்டுக்காரர் ஒரு முழுப் பத்தியைப் பாடி முடித்தார். அதன் பிறகு அந்தக் குரல் மறுபடி எழுத்துகளைச் சொல்ல ஆரம்பித்தது, இந்தத் தடவை பின்னாலிருந்து. கடைசிச் சொல்லின் கடைசி எழுத்து, அதற்கு முந்தினது, அதற்கு முந்தினது. ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போனார். நடுவில் ஒரு இடத்தில், மூத்த பிள்ளை என்ற சொல்லுக்கு வந்தபோது, கொஞ்சம் நின்றார். பிறகு அதையும் அழித்தார். எல்லாம் அழிந்த பின் புதிதாகத் தட்டினார். சரி, அவன் பெயரை எடுத்துவிடு. அவனிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். அனுப்பியாயிற்று என்று குரல் சொன்னது.

கோபம் வந்தது என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். வந்தது பயம்தான். அவர்கள் போன பிறகு அந்த வீட்டில் நான் தனியாக அடுப்புப் பற்ற வைப்பதை நினைத்துப் பார்த்தேன். சாலையில் ஆர்மி லாரி போகும் சத்தம் கேட்டால் யாரிடம் கேட்பேன் என்று நினைத்தேன். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. கதவைத் தட்டுகிறவன் யாரென்று தெரியாத வீட்டில், பருப்பு வேக வைத்துக்கொண்டு.

மத்தியானம் மறுபடி கோயிலுக்குப் போனேன். பூசாரியைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "மெஷினைப் பாதியில நிறுத்திட்டீங்க. அண்ணி பதில் எழுதியிருக்காங்க, அதும் அதுல இருக்கு, நான் கேட்டேன்." அந்த மூன்று வரியையும் முதலில் இங்கிலீஷில் சொன்னேன், பிறகு ஹிந்தியில், பிறகு தமிழில். மூத்த பிள்ளை என்பதை மட்டும் என்னையறியாமல் இரண்டு தடவை சொன்னேன். அது நடிப்பில்லை. நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அண்ணி எழுதினதுதான். அழித்ததை மட்டும் நான் சொல்லவில்லை.

ஒரு பையன், "போட்டுக் காட்டு, கேக்கலாம்" என்றான். என் உயிர் ஒரு நிமிஷம் என்னிடத்தில் இல்லை. பூசாரி அவன்மேல் பாய்ந்தார். "ஆத்தா சந்நிதியில அந்தப் பேய்க் குரல் இனிமே கேக்கக் கூடாது. போதும்." டிஸ்க் பையை வாங்கிக்கொண்டேன், சுத்தமாகப் போட்டுத் தருகிறேன் என்றேன். சற்று முன் விலகி நின்ற பெண்கள் இப்போது அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நாயைப் பற்றிப் பேசினவள்தான் எல்லாரையும்விட உரக்க அழுதாள். அண்ணன் அவர் பக்கத்தில் போய் நின்று, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றார். அண்ணி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். "அதை நான் அழிச்சிட்டேன்" என்று சொல்ல அவருக்கு அந்த ஒரு நிமிஷம்தான் இருந்தது. அவர் சொல்லவில்லை. என் பக்கம் வந்து, என் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டுப் போனார்.

பத்தாம் நாள் அண்ணன் நெருப்பு மிதித்தார். காலில் ஒரு கொப்புளம் இல்லை. அதற்கு மேல் சாட்சி வேண்டுமா? ஆத்தாளே அண்ணியின் வார்த்தை நிஜம் என்று சொல்லிவிட்டாள் என்று லோவு முழுக்கப் பேச்சு. நான் வீட்டுக்குப் போய் பதினொரு டிஸ்க்கை ஒவ்வொன்றாக உடைத்தேன், பன்னிரண்டாவதை வைத்துக்கொண்டேன். எதற்கு வைத்துக்கொண்டேன் என்று கேட்டால் நல்ல பதில் கிடையாது. என்றைக்காவது அண்ணி போகிறேன் என்று கிளம்பினால் எடுத்துக் காட்டலாம் என்ற கெட்ட எண்ணம்தான்.

அவர் கிளம்பவில்லை. எப்படிக் கிளம்புவார்? ஊர் அவரைத் தூக்கி வைத்த உயரத்திலிருந்து இறங்க வழியில்லாமல் போயிற்று. என் பெயரை மறுபடி சேர்த்து எழுதினார்கள், ஆக்லாந்திலிருந்து மறுப்பு வந்தது. ஆக்லாந்தில் மகனோடு இருந்த அவருடைய அம்மா செத்தபோது போவதற்கு விசா கிடைக்கவில்லை. அன்றைக்குக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார், தண்ணீர் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று. லீஸ் முடிந்தது. வீட்டுத் தகரத்தைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு சுவாவுக்குப் போனோம். நௌசோரி போகும் சாலையை ஒட்டி ஒரு குடியிருப்பில் குடிசை மாதிரி ஒன்று. அண்ணன் டாக்சி ஓட்டினார், நான்கு வருஷத்தில் நெஞ்சுவலி வந்து ஸ்டியரிங்கிலேயே சாய்ந்துவிட்டார். அண்ணி தையல் மெஷினில் உட்கார்ந்தார். என்னை விட்டுப் போக அவர் நினைத்தது ஒரு பிற்பகல் நேரம். அவரைப் போகவிடாமல் நான் வைத்தது மிச்சமிருந்த ஆயுசு முழுக்க.

இதைப் பற்றி நாங்கள் பேசியது ஒரே ஒரு தடவை. மறுபடி ஆர்மி ஆட்சியைப் பிடித்த டிசம்பர் மாதம் அது. ரேடியோவில் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது, தெருவில் யாரும் இல்லை. அண்ணி பள்ளிக்கூட யூனிஃபாரம் தைத்துக்கொண்டிருந்தார். மெஷினை நிறுத்தாமலே கேட்டார்.

"அன்னிக்கு நீ பாதி கேட்டியா, முழுசா கேட்டியா?"

"முழுசா கேட்டேன் அண்ணி."

மெஷின் ஒரு மடிப்பு ஓடி முடிந்தது. "அழிச்சதையும் அது சொல்லும்னு எனக்குத் தெரியாமப் போச்சு" என்றார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "டீ போடட்டுமா?"

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அவரும் கேட்டிருக்கலாம். டீ குடித்தோம். சர்க்கரை சரியாக இருந்தது.

போன வருஷம் சர்க்கரை வியாதி முற்றி ஆஸ்பத்திரியில் காலமானார். காரியத்துக்கு லோவுவிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் அந்தக் கதையைத்தான் சொன்னார்கள். கொழுந்தனை விடமாட்டேன் என்று எழுதின மகராசி, அதற்காக நியூசிலாந்தையே வேண்டாமென்றவள். அவரைப் பார்த்தே இராத சின்னப் பெண்கள்கூடச் சொன்னார்கள். நான் கைகூப்பிக்கொண்டு நின்றேன்.

மகள் இப்போது பிரிஸ்பேனில் நர்ஸ். நல்ல பெண். ஞாயிறு தவறாமல் கூப்பிடுவாள். அம்மா போன பிறகு நான் தனியாக இருக்கக் கூடாது என்று என்னைக் கூப்பிட்டுக்கொள்ள விண்ணப்பம் எழுத ஆரம்பித்தாள். சட்டம் இப்போதும் லேசில்லை. "அம்மா உங்களுக்காக அவ்வளவு செய்தாங்க, நான் இதைக்கூடச் செய்யலைன்னா எப்படி சித்தப்பா?" என்றாள். போன மாதம் ஒரு ஞாயிறு, அந்த டிஸ்க் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். "அம்மா எழுதினதை நான் என் காதால கேக்கணும். எனக்கு ஒரு காப்பி போட்டு அனுப்புங்க."

இரண்டு நாள் அதோடு உட்கார்ந்திருந்தேன். இப்போது என்னிடம் இருக்கிற கம்ப்யூட்டருக்குத் தமிழும் பேச வரும், பாட்டை வெட்டுவதும் ஒட்டுவதும் சுலபம். முற்றுப்புள்ளிக்குப் பிறகு, பாட்டுக்காரர் அந்தப் பத்தியைப் பாடுகிற இடத்தில் வெட்டினேன். கேட்டுப் பார்த்தேன். அவ்வளவு அழகாக இருந்தது. அதைக் கேட்டால் அவள் அழுவாள், அம்மாவை நினைத்துப் பெருமைப்படுவாள், என் விண்ணப்பத்தை இன்னும் வேகமாக எழுதுவாள். அனுப்புகிற விசையில் விரலை வைத்துவிட்டேன்.

முடியவில்லை. அந்தப் பெண்ணையும் அதே மாதிரிக் கட்டிப்போட எனக்குத் தெம்பில்லை. வெட்டியதைச் சேர்த்தேன். கடைசியில் என் குரலில் பேசிப் பதிந்தேன். "உங்க அம்மா போகணும்னுதான் நெனச்சாங்க. அது தப்பில்ல. மிச்சத்தை ஊருக்குச் சொல்லாம அவங்களப் பிடிச்சு வெச்சது நான்தான்." முழுசாக அனுப்பினேன்.

கேட்டுவிட்டாள் என்று அன்றைக்கே போன் சொல்லிவிட்டது. மூன்று ஞாயிறு ஆகிறது, அவள் கூப்பிடவில்லை. நேற்றும் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மத்தியானம்வரை குளிக்காமல் உட்கார்ந்திருந்தேன். நானே கூப்பிட்டு, படிவத்தில் என் பெயர் இன்னும் இருக்கிறதா என்று கேட்கலாம். எடுத்துவிட்டேன் என்று அவள் சொன்னால், செய்தது சரிதான் என்று நான் சொல்ல வேண்டும். சொல்வேனா என்று தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.